நனைந்த வைக்கோலிலிருந்து செறிவூட்டிய மட்கு உரம்: போர் போடுவதிலிருந்து வயலில் இடுவது வரை

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும் தை மாதத்தில் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால், இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோல் வயலிலேயே கறுத்துப் பூஞ்சை வாடை பிடித்துவிடுகிறது. மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கட்டு வாங்க வரும் வியாபாரியும் வேண்டாம் என்று போய்விடுவார். அத்தகைய வைக்கோலில் 1 டன்னை எடுத்து, மட்க வைத்து, பின்னர் உயிர் உரங்களால் (பயிருக்கு உதவும் நுண்ணுயிர்களால்) செறிவூட்டி, குறுவை நெல்லுக்கு அடியுரமாக இடும் வரையிலான வேலையை இங்கே வரிசைப்படி எழுதியிருக்கிறேன்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பொருள்களைச் சேர்க்கும் வரிசையில்தான். அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரப் பொட்டலங்களை வாங்கி வந்த அன்றே சாணத்தோடு கரைத்துப் போரில் ஊற்றிவிட்டு, உயிர் உரம் தயாராகிவிட்டது என்று நம்பியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாலாம் நாள் அந்தப் போருக்குள் கை வைக்க முடியாத சூடு ஏறும்; ஊற்றிய பாக்டீரியாவில் எதுவும் மிஞ்சாது. மட்கச் செய்யும் நுண்ணுயிர் முதலில், பயிருக்கு உதவும் நுண்ணுயிர் கடைசியில் என்ற இந்த வரிசை பிசகினால் மற்ற உழைப்பெல்லாம் இருந்தும் பலன் பாதியாகிவிடும்.

1. நாள் கணக்கைப் பின்னோக்கிப் போடுதல்

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீரை நம்பிக் குறுவை நடுபவர், உரம் ஜூன் முதல் வாரத்தில் கையில் இருக்கும்படி கணக்கிட வேண்டும். செறிவூட்டலுக்கு 20 நாள், மட்குவதற்கு 90 முதல் 100 நாள் என்று கழித்துக்கொண்டு வந்தால், போர் போட வேண்டிய நாள் பிப்ரவரி முதல் வாரத்தில் வந்து நிற்கும்.

தாளடி அறுவடை முடிந்து மார்ச் கடைசியில் போட்ட போர் ஜூனுக்குள் மட்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதைச் சம்பாவுக்கு என்று ஒதுக்கிவிடுவதே நல்லது, ஏனெனில் அவசரப்பட்டு அரைகுறையாக மட்கியதை நெல் வயலில் இட்டால் என்ன ஆகும் என்பதை எட்டாம் பகுதியில் சொல்கிறேன். குறுவை வைக்கோலில் செய்பவர்களுக்கு நாள் நெருக்கடி இல்லை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருப்பதால் மேலே கூரை கட்டாயம்.

2. முன்கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டியவை

காய்ந்த வைக்கோல் 1 டன்னுக்குத் தேவைப்படுபவை: புதுச் சாணம் 500 கிலோ; கிளைரிசிடியா, வாதநாராயணன், பூவரசு போன்ற பசுந்தழை 500 கிலோ; யூரியா 5 கிலோ; பாறை பாஸ்பேட் 20 கிலோ; பழைய மட்கு உரம் இரண்டு கூடை. தண்ணீர் 1500 லிட்டர் வரை எளிதாகக் கிடைக்க வேண்டும். கருவிகளில் மண்வெட்டி, கவைக்கோல், பூவாளி, ஐந்தடி நீள இரும்புக் கம்பி ஒன்று, பழைய சாக்குகள் ஆகியவை போதும். உயிர் உரங்களை இப்போது வாங்க வேண்டாம். அவற்றுக்குக் காலாவதி நாள் உண்டு.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், கையில் உள்ள பொருளுக்கு ஏற்ப நீங்களே மாற்றிக்கொள்ள முடியும். வைக்கோல் 1 டன்னில் கரிமம் ஏறத்தாழ 400 கிலோவும் தழைச்சத்து (நைட்ரஜன்) 5 கிலோவும் இருக்கின்றன. அதாவது 80 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து. நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருக 25 முதல் 30 பங்குக்கு 1 என்ற விகிதம் வேண்டும். சாணத்திலிருந்து சுமார் இரண்டரைக் கிலோ, தழையிலிருந்து மூன்றரைக் கிலோ, யூரியாவிலிருந்து 2.3 கிலோ தழைச்சத்து சேரும்போது மொத்தம் 13 கிலோவைத் தாண்டும். சாணமும் தழையும் கொஞ்சம் கரிமத்தையும் கொண்டுவருவதால் விகிதம் 40-க்கு 1 என்ற அளவில்தான் நிற்கும். ஆனால் வைக்கோலில் உள்ள கரிமத்தில் ஒரு பகுதி லிக்னின் என்ற கடினமான நார்ப்பொருளில் பூட்டிக்கிடப்பதால் அது உடனே நுண்ணுயிருக்குக் கிடைப்பதில்லை. எனவே நடைமுறையில் இந்த அளவே போதுமாக இருக்கிறது.

இரசாயனம் வேண்டாம் என்பவர்கள் யூரியாவுக்குப் பதிலாகக் கடலைப் பிண்ணாக்கு 30 முதல் 35 கிலோ சேர்க்கலாம், அல்லது வைக்கோலை நனைக்கும் தண்ணீரில் 200 லிட்டரை மாட்டுக் கோமியமாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் விட்டுவிட்டு வைக்கோலையும் சாணத்தையும் மட்டும் வைத்துத் தொடங்கினால் போர் மட்காமல் போகாது; ஆனால் குறுவைக்கு வந்து சேராது.

பழைய மட்கு உரம் கிடைக்காதவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் என்ற மட்கச் செய்யும் நுண்ணுயிர்க் கலவை 2 கிலோவை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளலாம். புட்டியில் கிடைக்கும் வேஸ்ட் டிகம்போசர் என்ற நுண்ணுயிர்க் கலவையைப் பயன்படுத்துபவர்கள் 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லத்தைக் கரைத்து, அந்தப் புட்டியைக் கலந்து, தினமும் இருமுறை கலக்கி, ஒரு வாரம் வளர்த்த பிறகே அது பயன்படும் என்பதால் ஒரு வாரம் முன்னதாகத் தொடங்க வேண்டும். புட்டியைத் திறந்து நேராகப் போரில் ஊற்றுவதில் பயனில்லை.

எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். இயந்திரக் கட்டாக இருந்தால் நாலு கட்டை எடை போட்டு, சராசரி எடுத்து, எத்தனை கட்டு 1 டன் என்று கணக்கிடுங்கள். நனைந்த கட்டின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை வெயிலில் உலர்த்தி எடை போடுவதே சரியான கணக்கைத் தரும்.

3. இடம்

தண்ணீர் தேங்காத மேடு, மரநிழல், வண்டி வந்து நிற்க வழி, பக்கத்தில் தண்ணீர் ஆகிய நான்கும் பொருந்தும் இடமாகப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் நிழலின் அருமை தெரியாது; ஏப்ரலில் தினமும் தண்ணீர் சுமக்கும்போது தெரியும்.

தரையை அடித்து இறுக்கி, ஒரு பக்கமாக லேசான சரிவு கொடுத்து, சரிவின் அடியில் ஒரு சிறு குழி வெட்டி அதில் பழைய பீப்பாயை இறக்கி வையுங்கள். வைக்கோலில் உள்ள சாம்பல்சத்து (பொட்டாசியம்) தண்ணீரில் எளிதாகக் கரைந்து வெளியேறக்கூடியது. போரிலிருந்து வடியும் தேநீர் நிறத் தண்ணீரில் அதுதான் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரை எடுத்து மறுபடியும் போரின் மேல் ஊற்றவே இந்தக் குழி. மழையில் திறந்து கிடந்த போரின் உரம் கறுப்பாக, அழகாக இருந்தாலும் அதில் சாம்பல்சத்து குறைந்துபோயிருக்கும்.

தோட்டங்களில் குழி வெட்டி மட்க வைக்கும் பழக்கம் உண்டு. களிமண் பூமியில் குழிக்குள் தண்ணீர் ஊறிக் காற்று அடைபட்டுவிடுவதால் டெல்டாவுக்குத் தரைமேல் போடும் போரையே நான் பரிந்துரைப்பேன்.

4. வைக்கோலைப் பிரித்து ஊற வைத்தல்

முதல் வேலை, கட்டுகளின் கயிற்றை அறுத்து எண்ணி எடுத்துவிடுவது. கட்டுக்குக் கட்டுப் பிளாஸ்டிக் நூல் சுற்றியிருக்கும். அது உள்ளே போய்விட்டால் மட்காது என்பது மட்டுமல்ல, போரைப் புரட்டும்போது கவைக்கோலில் சுற்றிக்கொண்டு அரை நாள் வேலையை ஒரு நாளாக்கும். கடைசியில் வயலுக்குப் போய்ச் சேற்றுழவுச் சக்கரத்தில் சுற்றும்.

இயந்திரம் அறுத்த வைக்கோல் ஏற்கெனவே நசுங்கி ஓரளவு துண்டாகியிருப்பதால் அதை மேலும் நறுக்குவது கட்டாயமில்லை. கையால் அறுத்த நீள வைக்கோலானால் அரையடித் துண்டுகளாக வெட்டிக்கொள்வது புரட்டுவதற்கு வசதி.

இனி வருவது, ஏறக்குறைய எல்லோரும் தவறவிடும் படி. வைக்கோலின் மேற்புறம் மெழுகும் சிலிக்காவும் படிந்த வழுவழுப்பான தோல். அதன் மேல் குழாயைத் திருப்பிவிட்டால் தண்ணீர் வழிந்து கீழே போய்விடும். மேலே பார்ப்பவருக்கு எல்லாம் நனைந்ததுபோல் தோன்றும். இரண்டு வாரம் கழித்து அப்படிப்பட்ட போர் ஒன்றை நடுவில் வெட்டிப் பார்த்தோம். வெளியே ஒரு முழம் கறுத்து மட்கத் தொடங்கியிருந்தது. உள்ளே அன்று அடித்துப் போட்டதுபோல் பொன்னிறத்தில், கையில் எடுத்தால் சலசலக்கும் காய்ந்த வைக்கோல். அதை முழுவதும் பிரித்து, நனைத்து, மறுபடியும் போட வேண்டியதாயிற்று.

ஆகவே வைக்கோலை ஓரடிக் கனத்துக்குத் தரையில் பரப்பி, முதல் நாள் காலை, மாலை, மறுநாள் காலை என மூன்று தவணையாக, தவணைக்கு 250 லிட்டர் வீதம் பூவாளியால் தெளியுங்கள். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் கவைக்கோலால் அடிமேலாகக் கிளறிவிட வேண்டும். இடைவெளி விடுவதற்குக் காரணம், தாள் மெல்ல மெல்ல இளகினால்தான் தண்ணீரை உள்ளே வாங்கும். மழையில் நனைந்து இன்னும் ஈரமாகவே உள்ள வைக்கோலுக்கு ஒரு தவணையோ இரண்டோ போதும்.

ஊறியதா என்று பார்க்கத் தாளை முறுக்குங்கள். நொறுங்கினால் ஊறவில்லை, கயிறுபோல் முறுகிக்கொடுத்து விரலில் ஈரம் ஒட்டினால் அடுக்கத் தயார்.

கரும்புச் சோகை, பருத்தி மார், மக்காச்சோளத் தட்டை ஆகியவற்றில் செய்பவர்களுக்கும் இதே முறைதான். ஆனால் அவற்றை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்காமல் தொடங்கவே கூடாது. சோகையில் தழைச்சத்து வைக்கோலைவிடவும் குறைவு என்பதால் தழையையும் சாணத்தையும் கூட்ட வேண்டும். நிலக்கடலைக் கொடிக்கு நேர்மாறு: அதில் தழைச்சத்து போதிய அளவு இருக்கிறது, யூரியா தேவையில்லை. தென்னை நார்க்கழிவு வேறு வகை. அதற்கு 1 டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்தும் வைத்துச் செய்யும் முறை தனியாக இருக்கிறது.

5. போர் அடுக்குதல்

அடியில் பருத்தி மார், கருவேல மிலார், தென்னை மட்டை என எது கிடைக்கிறதோ அதை அரையடி உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள். கீழிருந்து காற்று ஏறுவதற்கான வழி இதுதான். இதை விட்டுவிட்ட போர்களில் அடிப்பகுதி எப்போதும் நாற்றமடித்த களியாகவே இருப்பதைக் காணலாம்.

போரின் அளவு அகலம் 6 அடி, உயரம் 5 அடி, நீளம் 15 அடி. உயரம் 4 அடிக்குக் கீழே போனால் உள்ளே உண்டாகும் சூடு வெளியேறிவிடும். 6 அடிக்கு மேல் போனால் சொந்தப் பாரத்தில் அமுங்கி நடுவில் காற்று இல்லாமல் போகும். அகலத்தை 6 அடிக்குள் வைப்பது, இரு பக்கமும் நின்று கவைக்கோலால் எட்டிப் புரட்டுவதற்காக. பொருள் குறைவாக இருந்தால் நீளத்தைத்தான் குறைக்க வேண்டும், உயரத்தை அல்ல.

எல்லாவற்றையும் ஐந்து பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்குக்கு ஊறிய வைக்கோலில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் மேல் தழை 100 கிலோ, அதன் மேல் 100 கிலோ சாணத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்த குழம்பு, அந்தக் குழம்பிலேயே 1 கிலோ யூரியா. மேலே பழைய மட்கு உரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தூவுங்கள். பயோமினரலைசர் கரைசலானால் 4 லிட்டர். இவ்வாறு ஐந்து அடுக்கு.

யூரியாவை ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் குழம்பில் கரைக்க வேண்டும். சாணத்தோடு இரவு முழுவதும் ஊறினால் அது அம்மோனியாவாக மாறிப் பறந்துவிடும். காலையில் வாளியருகே போனதும் கண் எரிவது அதன் அடையாளம். இதே காரணத்தால் சுண்ணாம்பையோ அடுப்புச் சாம்பலையோ போரில் போட வேண்டாம். புளிப்பு முறியும் என்று சொல்லி இவற்றைத் தூவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. காரத்தன்மை கூடும்போது தழைச்சத்து அம்மோனியாவாகக் கிளம்பிவிடுகிறது என்பதால் இதில் நட்டமே மிச்சம்.

அடுக்கும்போது ஆள் மேலே ஏறி மிதிக்கக் கூடாது. வைக்கோற்போர் மிதித்துப் பழகிய கை கால்களுக்கு இது சிரமம்தான். வீட்டுப் போர் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க மிதிக்கப்படுகிறது, இங்கே நமக்குக் காற்று உள்ளே போக வேண்டும்.

ஊற வைத்த 750 லிட்டரும் குழம்பின் 250 லிட்டரும் சேர்ந்து 1000 லிட்டர். சாணத்திலும் தழையிலும் உள்ள நீரோடு இது போரின் ஈரத்தை 60 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவில் வைக்கும். வடிவதற்கும் ஆவியாவதற்குமே மீதி 500 லிட்டரை ஒதுக்கச் சொன்னேன். போட்டு முடித்ததும் நனைந்த வைக்கோலையோ தென்னங்கீற்றையோ மேலே போர்த்துங்கள். பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றியதில் ஒருமுறை எனக்கே போர் அழுகி, தெருவே முகம் சுளித்தது. மழைக்குத் தார்ப்பாய் கட்டுவதானால் நாலு கம்பு நட்டுப் போரைத் தொடாமல் மேலே கட்ட வேண்டும்.

6. முதல் பத்து நாள்: சூட்டைக் கவனித்தல்

இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவி, உள்ளே இருந்த முனையைப் பிடித்துப் பாருங்கள். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில், பிடித்தால் இரண்டு மூன்று நொடிக்கு மேல் தாங்க முடியாத சூடு இருக்க வேண்டும். அது ஏறத்தாழ 55 முதல் 65 டிகிரி. களை விதைகளும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் அழிவது இந்தச் சூட்டில்தான். ஆகவே இதைக் கண்டு பயந்து தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டாம். கம்பியைத் தொடவே முடியாமல், 70 டிகிரியைத் தாண்டுவதுபோல் தெரிந்தால் மட்டும் உடனே புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மட்கச் செய்யும் உயிர்களே மடியத் தொடங்கும்.

ஐந்தாம் நாளும் சூடு ஏறவில்லை என்றால், முதலில் ஈரத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. ஒன்றுமே வராவிட்டால் காய்ந்துவிட்டது. கம்பியால் பல இடங்களில் துளையிட்டு அதன் வழியே தண்ணீர் விடுங்கள். ஒழுகினால் அதிகம், பிரித்துப் போட்டுக் காற்றாட விட்டு மறுபடியும் அடுக்க வேண்டியதுதான். ஈரம் சரியாக இருந்தும் சூடு இல்லையானால் தழைச்சத்துதான் பற்றவில்லை. இன்னும் 100 கிலோ சாணத்தைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள்.

7. புரட்டுதல்

முதல் புரட்டு 12-ஆம் நாளையொட்டி, அடுத்தது 25-ஆம் நாள், பிறகு 40, 60 என்று வைத்துக்கொள்ளலாம். இது நாட்காட்டிக் கணக்கு. உண்மையான கணக்குக் கம்பியிடம் இருக்கிறது: ஏறிய சூடு இறங்கத் தொடங்கினால் உள்ளே காற்று தீர்ந்துவிட்டது என்று பொருள், அப்போது புரட்ட வேண்டும். புரட்டிய மூன்றாம் நாள் மறுபடியும் சூடு ஏறும். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் குறைவாக ஏறும்.

போருக்குப் பக்கத்திலேயே அதே அளவில் இடம் விட்டு, பழைய போரின் வெளிப்புறத்தையும் மேற்பகுதியையும் முதலில் எடுத்துத் தனியே வைத்து, உள்ளே இருந்ததைப் புதுப் போரின் அடியிலும் ஓரத்திலும் போட்டு, தனியே வைத்ததை நடுவில் வைக்க வேண்டும். பலர் செய்வது, மேலிருந்து வாரி வாரிப் பக்கத்தில் கொட்டுவது. அதில் வெளியே இருந்தது வெளியேதான் இருக்கும். அதிலுள்ள களை விதைகள் சூட்டையே காணாமல் கடைசிவரை வந்து, உரம் போட்ட இடத்திலெல்லாம் முளைக்கும்.

முதல் புரட்டில் பாறை பாஸ்பேட் 20 கிலோவைத் தூவிக்கொண்டே போங்கள். மட்கும்போது உண்டாகும் கரிம அமிலங்கள் அதிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸை)க் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். செறிவூட்டும்போது சேர்ப்பதும் வழக்கத்தில் உள்ளது. அது உயிரற்ற பொருள், சூட்டால் அதற்குக் கேடில்லை என்பதால் முன்னதாகப் போட்டு இரண்டு மாதம் கூடுதலாக ஊற விடுவதே இலாபம் என்பது என் கணிப்பு.

முதல் இரண்டு புரட்டுகளில் உள்ளே சாம்பல் தூவியதுபோல் வெண்மை படர்ந்த பகுதிகளைக் காணலாம். எரிந்துவிட்டதோ என்று சிலர் பதறுவார்கள். அது சூட்டில் வளரும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர், அதனால் தீங்கில்லை. ஆனால் அது தூளாக உதிரும் அளவுக்கு இருந்தால் அந்த இடம் காய்ந்துபோயிருக்கிறது, அங்கே தண்ணீர் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். கோடையில் ஒவ்வொரு புரட்டுக்கும் 100 முதல் 200 லிட்டர் பிடிக்கும். முதலில் குழியில் வடிந்து நிற்கும் தண்ணீரைத் தீர்த்துவிட்டுப் பிறகு புதுத் தண்ணீரைத் தொடுங்கள்.

தென்னந்தோப்பை ஒட்டிய போர்களில் 40-ஆம் நாளுக்குப் பிறகு தடித்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். புரட்டும்போதே பொறுக்கி அழித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் உரத்துக்கு ஒன்றும் ஆகாது, தென்னையின் குருத்துக்குத்தான் ஆபத்து. கோழிகளை அவிழ்த்துவிட்டாலும் வேலை முடிந்துவிடும்.

மண்புழு உரமாக்க விரும்புவோர் 45 நாளுக்குப் பிறகு, சூடு அடங்கிய பொருளை மட்டும் பிரித்தெடுத்துத் தொட்டியில் போடலாம். சூடான போரில் விட்ட புழு ஓடிவிடும், இல்லாவிட்டால் செத்துவிடும்.

8. மட்கிவிட்டதா என்று சோதித்தல்

நிறம் கறுப்பானதும் முடிந்தது என்று எண்ணக் கூடாது. நனைந்த வைக்கோல் ஒரு மாதத்திலேயே கறுத்துவிடும். தாளை எடுத்து இழுத்தால் பிசிறின்றி அறுந்து வரவேண்டும்; முதல் மழைக்கு எழும் மண்வாசனை வேண்டும்; உயரம் பாதிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

மேலும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஈரமான உரத்தில் இரண்டு பிடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, ஒரு வாரம் நிழலில் வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ அடித்தால் இன்னும் இரண்டு வாரம் வேண்டும். அடுத்தது, ஒரு தேங்காய்த் தொட்டியில் உரத்தையும் மற்றொன்றில் தோட்டத்து மண்ணையும் நிரப்பி, இரண்டிலும் இருபது கீரை விதை தூவுங்கள். உரத்தில் முளைத்தது மண்ணில் முளைத்ததைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் அது இன்னும் பயிருக்கு ஆகாது.

அரைகுறை உரத்தை நெல் வயலில் இட்டால், மீதி மட்கலை நடத்த நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். நட்ட இரண்டாம் வாரத்தில் பயிர் மஞ்சளிப்பது அதனால்தான். தண்ணீர் கட்டிய வயலில் மட்கும்போது உண்டாகும் அமிலங்கள் இளம் வேரையும் பாதிக்கும். உரத்தைக் குறை சொல்லி யூரியாவைக் கூட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு, கரிம–தழைச்சத்து விகிதம் 20-க்குக் கீழே வந்திருந்தால் முடிந்தது என்று கொள்ளலாம். விற்பனைக்கு என்று செய்பவர்கள் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தர அளவுகளை வேளாண் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குவது அவசியம்.

1 டன் வைக்கோலிலிருந்து ஈரத்தோடு 900 கிலோ முதல் 1 டன் வரை உரம் எதிர்பார்க்கலாம்.

9. செறிவூட்டுதல்

உயிர் உரங்களை வாங்க வேண்டிய நேரம் இப்போதுதான். முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்க்கும்போது சிறிதும் வெதுவெதுப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் பரப்பி ஆறவிட்டு இரண்டு நாள் கழித்துத் தொடருங்கள்.

நெல்லுக்கு 1 டன் உரத்தில் தழைச்சத்து தரும் அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா, நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் ஆகியவற்றில் வகைக்கு 2 கிலோ சேர்க்க வேண்டும். 200 கிராம் பொட்டலமானால் வகைக்குப் பத்து. வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கும்போதே காலாவதி நாளைப் பார்த்து, வெயிலில் வண்டி முன்பெட்டியில் வைக்காமல் ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். சாம்பல் நிறப் பொடியாக இருந்தாலும் உள்ளே இருப்பவை உயிர்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் காய்ந்தால் வீட்டுக்கு வந்து சேர்வது வெறும் பொடிதான்.

6 கிலோவை 1 டன்னில் நேரடியாகத் தூவினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் இருக்காது. முதலில் சலித்த உரம் 30 கிலோவுடன் நன்றாகப் பிசறிக்கொண்டு, அந்தக் கலவையை மொத்த உரத்தையும் மெல்லிய அடுக்குகளாகப் பரப்பிப் பரப்பித் தூவி, ஓரடி உயரப் படுகையாக்குங்கள். வேலை மாலையில், நிழலில் நடக்கட்டும்.

ஈரத்தை 40 சதவீதத்தில் வைக்க வேண்டும். பிழிந்தால் சொட்டு வரக் கூடாது; ஆனால் பிடித்த பிடி உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மேலே ஈரச்சாக்கு போர்த்தி, வாரம் ஒருமுறை கையால் மெதுவாகக் கிளறி, 20 நாள் விடுங்கள். இந்த நாள்களில்தான் அவை உரத்தைத் தின்று பெருகுகின்றன. இப்போது யூரியாவோ வேறு இரசாயன உரமோ, பூச்சிமருந்து தெளிப்பானில் மிஞ்சிய தண்ணீரோ அருகில் வரக் கூடாது.

எல்லா உயிர் உரத்தையும் இதில் வளர்க்க முடியாது. வேர் உட்பூசணம் (மைக்கோரைசா) உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். அதை வயலில் விதைக்கு அடியிலோ நாற்றங்காலிலோ நேரடியாக இட வேண்டும். பயறு வகைகளுக்கான ரைசோபியம் அந்தந்தப் பயிருக்கென்று தனி இனம். அதை விதை நேர்த்தியாகச் செய்வதே மேல். காய்கறிக்குப் பயன்படுத்துபவர்கள் வேரழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை 2 கிலோவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

10. வயலில் இடுதல்

எக்டருக்கு 5 டன், அதாவது ஏக்கருக்கு 2 டன் என்பது செறிவூட்டிய உரத்துக்கான அளவு. 1 டன் வைக்கோலில் அரை ஏக்கருக்குக் கிடைக்கிறது. ஓர் ஏக்கரின் வைக்கோல் ஏறத்தாழ 2 டன் என்பதால், முழுவதையும் மட்க வைத்தால் அதே ஏக்கருக்குப் போதும்.

கடைசி உழவுக்கு முன் மாலையில் தூவி, உடனே உழுது மூட வேண்டும். முதல் நாள் கொண்டுபோய் வயலெங்கும் சிறு சிறு குவியலாகக் கொட்டி, மறுநாள் வசதிப்படி இறைக்கும் வழக்கம் தொழு உரத்துக்குப் பொருந்தலாம். இங்கே 20 நாள் வளர்த்ததை ஒரே வெயிலில் இழப்போம். அடியுரமாக இரசாயன உரம் போடுபவர்கள் அதை இதனோடு கலந்து இறைக்காமல், சில நாள் இடைவெளி விட்டுத் தனியாக இடட்டும்.

உடனே இட முடியாவிட்டால் நிழலில், ஈரம் காயாமல், சாக்கு போர்த்தி ஒரு மாதம் வரை வைக்கலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் மூட்டையில் கட்டி வைக்க வேண்டாம்.

செறிவூட்டுவதற்கு முன் உரத்திலிருந்து இரண்டு கூடையை எடுத்து, பழைய சாக்கில் போட்டுக் கொட்டகையின் ஈர மூலையில் வைத்துவிடுங்கள். அடுத்த போருக்கான பழைய மட்கு உரம் அதுதான்.